பகா எண்ணை நம்பலாமா? கான்பூர் நிரூபித்ததும் உலகம் இன்னும் நிரூபிக்காததும்

டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில், லிம்ஃப்யோர்ட் நீர்ப்பரப்பை ஒட்டி அமைந்திருக்கும் சிறிய நகரம் ஸ்கீவ. அங்கு வாழும் ஒருவர், யாழ்ப்பாணத்திலுள்ள தன் பெற்றோருக்கு வங்கியின் இணையதளம் வழியாகப் பணம் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கடவுச்சொல்லை அவர் தட்டச்சு செய்வதற்கு முன்பே அவரது கணினி ஒரு கேள்விக்கு விடை தேடி முடித்திருக்கும். திரையில் தெரிவது உண்மையிலேயே அந்த வங்கியின் பக்கம்தானா, அல்லது அதைப்போல வேடமிட்ட வேறொருவரின் பக்கமா என்பதே அந்தக் கேள்வி.

இந்த அடையாளச் சோதனைக்கு உலகெங்கும் பரவலாகப் பயன்படுத்தப்படும் முறைகளில் ஒன்று ஆர்.எஸ்.ஏ. ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் 1977-இல் உருவாக்கிய இந்த முறையின் அடித்தளம் பகா எண்கள். இலங்கைப் பாடநூல்கள் இவற்றை முதன்மை எண்கள் என்று அழைக்கின்றன. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண். அப்படி வகுபடுவது பகு எண்.

ஏறத்தாழ 300 இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினால், 600-க்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட ஓர் எண் கிடைக்கும். அந்தப் பெருக்குத்தொகை உலகுக்கு வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறது. அதன் இரண்டு காரணிகள் மட்டும் இரகசியமாக வைக்கப்படுகின்றன.

இந்த ஏற்பாடு இரண்டு நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. தேர்ந்தெடுத்த எண்கள் மெய்யாகவே பகா எண்கள் என்பது முதலாவது. பெருக்குத்தொகையை மட்டும் பார்த்து அவற்றை எவராலும் கண்டுபிடிக்க முடியாது என்பது இரண்டாவது. இவற்றில் முதலாவதற்கு இந்தியாவின் கான்பூரிலிருந்து 2002-ஆம் ஆண்டு முழுமையான கணித நிரூபணம் கிடைத்தது. இரண்டாவதற்கு இன்றுவரை நிரூபணம் இல்லை.

காரணியைக் காட்டாத சாட்சி

ஓர் எண் பகு எண் என்று கண்டுபிடிப்பதும் அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பதும் ஒரே வேலை என்றே பள்ளிக் கணிதத்தில் பழகியவர்களுக்குத் தோன்றும். பெரிய எண்களைப் பொறுத்தவரை இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 14,75,73,95,25,89,67,64,12,927 என்ற 21 இலக்க எண். இரண்டை 67 முறை பெருக்கி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இது. பிரெஞ்சுத் துறவி மரென் மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் இது பகா எண்ணாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. அது தவறு, இது பகு எண்தான் என்று எத்வார் லூக்கா 1876-இல் நிறுவினார். ஆனால் அதன் காரணிகள் எவை என்பது அவருக்குத் தெரியாது.

அவை தெரிய மேலும் 27 ஆண்டுகள் ஆயின. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதவியல் கழகத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல், 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினால் அந்த எண் வரும் என்று காட்டினார். அவர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்றும், அவையினர் எழுந்து கைதட்டினர் என்றும் சொல்லப்படுகிறது.

லூக்காவின் சோதனை, குற்றம் நடந்தது உறுதி, செய்தவர் யார் என்று தெரியவில்லை என்ற தீர்ப்பைப் போன்றது. இந்த இடைவெளியில்தான் இன்றைய இணையப் பாதுகாப்பு குடியிருக்கிறது.

1729 போட்ட வேடம்

காரணியைத் தேடாமலே பகு எண்ணை அடையாளம் காண வழி திறந்தவர் பிரெஞ்சு நாட்டவரான பியேர் த ஃபெர்மா. அவர் 1640-இல் குறிப்பிட்ட விதியை எளிதாகச் சொல்லலாம். ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் வகுபடாத ஏதேனுமோர் எண்ணை, அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவான தடவைகள் எழுதிப் பெருக்குங்கள். விடையைப் பகா எண்ணால் வகுத்தால் மீதி எப்போதும் 1.

எண் 7 என்றால், ஆறு இரண்டுகளைப் பெருக்க 64 வருகிறது. அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. எண் 9 என்றால், எட்டு இரண்டுகளைப் பெருக்க 256 வருகிறது. அதை 9-ஆல் வகுத்தால் மீதி 4. எனவே 9 பகா எண் அல்ல. அதன் காரணி 3 என்பது இந்தக் கணக்கில் எங்குமே தலைகாட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சோதனை மிக விரைவானது. நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணையும் கணினி கண நேரத்தில் சோதித்துவிடும். ஆயினும் இதை ஏமாற்றும் பகு எண்கள் உண்டு. கார்மைக்கேல் எண்கள் எனப்படும் இவற்றில் முதலாவது 561, இரண்டாவது 1105. மூன்றாவது, தமிழர்கள் நன்கறிந்த 1729.

இலண்டனின் பட்னி பகுதியில் நோயுற்றிருந்த இராமானுஜனைப் பார்க்கச் சென்ற ஹார்டி, தாம் வந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும் அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுவதாகவும் கூறினார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு விதங்களில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் பதிலளித்தார். அந்த எண்ணுக்கு இன்னொரு முகமும் உண்டு. 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்குத்தொகையான 1729, இந்த மூன்றாலும் வகுபடாத எந்த எண்ணைக் கொண்டு ஃபெர்மாவின் சோதனையை நடத்தினாலும் பகா எண்ணைப் போலவே மீதி 1 தந்து தப்பிவிடும்.

இத்தகைய ஏமாற்று எண்கள் முடிவின்றி உள்ளன என்பதை ஆல்ஃபர்ட், கிரான்வில், பொமரன்ஸ் ஆகியோர் 1994-இல் நிரூபித்தனர்.

வேடத்தைக் கலைக்கும் வழியை 1970-களில் கேரி மில்லரும் மைக்கேல் ரேபினும் வகுத்தனர். பகா எண் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதைவிடச் சிறிய எண்களுள் தன்னைத் தானே பெருக்கும்போது மீதி 1 தருபவை இரண்டே: ஒன்று, மற்றும் அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவான எண். 1729-ஐச் சோதிக்கும் வழியில் 1065 என்ற எண் எதிர்ப்படுகிறது. 1065-ஐ 1065-ஆல் பெருக்கினால் 11,34,225. அதை 1729-ஆல் வகுத்தால் மீதி 1. ஆனால் 1065 என்பது 1-உம் அல்ல, 1728-உம் அல்ல. அந்த இடத்தில் 1729 பிடிபடுகிறது.

மில்லர்-ரேபின் சோதனையில் ஒரு பகு எண் ஒரு சுற்றில் தப்புவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றைத் தாண்டாது. ஒவ்வொரு முறையும் புதிய எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்து 20 சுற்றுகள் நடத்தினால், தப்பும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

இரண்டு அலுவலர்கள், ஒரே தொடர்

சோதனை கையில் இருந்தாலும், சோதிப்பதற்குப் போதிய பகா எண்கள் இருக்க வேண்டும். எண்கள் பெரிதாகப் பெரிதாகப் பகா எண்கள் அருகிவருகின்றன. எவ்வளவு அருகுகின்றன என்பதைக் கூறும் பகா எண் தேற்றம் 1896-இல் நிரூபிக்கப்பட்டது. அதன்படி, ஆர்.எஸ்.ஏ முறைக்குத் தேவையான 309 இலக்க எண்களில் சராசரியாக 710-க்கு ஒன்று பகா எண். இரட்டை எண்களை ஒதுக்கிவிட்டால் 355-க்கு ஒன்று. கணினிக்கு இது பெரிய வேலையே அல்ல.

எண்ணிக்கையை மேலும் நுட்பமாக மதிப்பிடும் ஒரு கணிதத் தொடர், டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கன் பெடர்சன் கிராம் என்பவரின் பெயரால் வழங்குகிறது. இவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், காப்புறுதித் துறையில் பணியாற்றியவர். பகா எண்களின் எண்ணிக்கை பற்றிய ஆய்வுக்காக 1884-இல் டென்மார்க் அரச கழகம் இவருக்குத் தங்கப்பதக்கம் வழங்கியது.

சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜன், கிராமைப் பற்றி அறியாமலே அதே தொடரைச் சென்றடைந்து, 1913-இல் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்கள் பற்றிய தம் முடிவுகளைத் தெரிவித்தார். தொடர் சரியானது. ஆனால் அதில் நேரக்கூடிய பிழை மிகச் சிறியது என்று அவர் கருதியது சரியல்ல என்பதை ஹார்டி பின்னர் விளக்கி எழுதினார். உள்ளுணர்வு மெய்யைத் தொட்டாலும் நிரூபணத்துக்கு அது ஈடாகாது என்பதற்கு இந்தச் சம்பவம் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவதுண்டு.

ஆர்ஹஸின் கணக்கு

நடைமுறையில் வேறொரு கேள்வியும் எழுந்தது. நான்கில் ஒன்று என்ற பிழை வாய்ப்பு, மிக மோசமான எண்ணுக்கு உரியது. குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கப்படும் எண்ணுக்கு அது எவ்வளவு?

ஸ்கீவ நகரம் உள்ள அதே யூட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தின் ஈவன் டாம்கோர்ட், பீட்டர் லேன்ட்ராக் ஆகிய இருவரும் அமெரிக்கரான கார்ல் பொமரன்ஸும் 1993-இல் இதற்கு விடையளித்தனர். 600 இரும இலக்கங்கள், அதாவது சுமார் 180 தசம இலக்கங்கள் கொண்ட ஓர் எண் குருட்டாம்போக்கில் எடுக்கப்பட்டு, ஒரே ஒரு சுற்றில் தேறியிருந்தால்கூட, அது பகு எண்ணாக இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று அவர்கள் நிரூபித்தனர். 1-க்குப் பின் 22 பூச்சியங்கள் கொண்ட எண்ணில் ஒரு பங்கைவிடவும் அது குறைவு.

இதில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. எண்ணைத் தானே எடுத்தவருக்குத்தான் இந்த உறுதி பொருந்தும். பிறர் கொடுத்த எண் வேண்டுமென்றே சோதனையை ஏமாற்றத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக இருக்கலாம் என்பதால், அதற்குப் பல சுற்றுச் சோதனை அவசியம்.

கான்பூரில் ஒரு கோடைக்காலம்

பிழை வாய்ப்பு எவ்வளவு குறைந்தாலும் அது வாய்ப்புதான். ஐயத்துக்கு இடமின்றி, எல்லா எண்களுக்கும் பொருந்தும் வகையில், விரைவாகப் பகா எண்ணை உறுதிசெய்ய முடியுமா என்ற கேள்வி பல பத்தாண்டுகளாக நிலுவையில் இருந்தது. இருந்த முறைகளில் சில குறிப்பிட்ட வடிவ எண்களுக்கு மட்டுமே பொருந்தின. வேறு சில, நிரூபிக்கப்படாத ரீமன் கருதுகோளைச் சார்ந்திருந்தன. இன்னும் சில, எண்கள் பெரிதாகும்போது வேகத்தில் சற்றே பின்தங்கின.

2002 ஆகஸ்ட் மாதத்தின் முதல் வாரத்தில், கான்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கணினியியல் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அதே ஆண்டில் அங்கு இளநிலைப் பட்டப்படிப்பை முடித்திருந்த நீரஜ் கயல், நிதின் சக்சேனா ஆகியோரும் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை நிபுணர்கள் சிலருக்கு மின்னஞ்சலில் அனுப்பினர். பெற்றவர்களில் ஒருவர் ஆர்ஹஸ் ஆய்வில் பங்குகொண்ட அதே கார்ல் பொமரன்ஸ். அன்றைய தினமே அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட அவர், அது பற்றி உடனடியாகக் கருத்தரங்கும் நடத்தினார்.

அவர்கள் பயன்படுத்திய அடிப்படை உண்மை பழமையானது. பாஸ்கல் முக்கோணம் என்று மேற்கிலும், பிங்கலரின் சந்த நூலுக்கு 10-ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் விளக்கிய மேரு பிரஸ்தாரம் என்று இந்தியாவிலும் அறியப்படும் எண் அடுக்கு அது. அதன் ஏழாவது வரிசையில் இருபுறமும் உள்ள ஒன்றுகளை நீக்கினால் 7, 21, 35, 35, 21, 7 என்ற எண்கள் கிடைக்கும். எல்லாமே 7-ஆல் வகுபடும். ஆறாவது வரிசையில் 6, 15, 20, 15, 6 கிடைக்கும். இவற்றில் 15-உம் 20-உம் 6-ஆல் வகுபடா. வரிசை எண் பகா எண்ணாக இருந்தால் மட்டுமே அந்த வரிசை முழுவதும் அதனால் வகுபடும். இதில் விதிவிலக்கே இல்லை, 1729-ஆலும் இங்கே தப்ப முடியாது.

300 இலக்க எண்ணுக்குரிய வரிசையை எழுதுவது எந்தக் கணினிக்கும் இயலாது என்பதே இதிலுள்ள தடை. அந்த நீண்ட வரிசையை ஒரு சிறிய வட்டத்தில் திரும்பத் திரும்பச் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக விழுபவற்றைக் கூட்டி, கூட்டுத்தொகைகளை மட்டும் சோதித்தால் போதும் என்று கான்பூர் குழுவினர் காட்டினர். வட்டத்தின் அளவைச் சரியாகத் தேர்ந்து, சில எளிய விதிவிலக்குகளைக் களைந்து, சோதனையைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நடத்தினால் எந்தப் பகு எண்ணும் தப்பாது என்ற நிரூபணமே அவர்களின் சாதனை.

ஆனல்ஸ் ஆஃப் மேதமேடிக்ஸ் ஆய்விதழ் 2004-இல் இந்தக் கட்டுரையை வெளியிட்டது. 2006-இல் கேடல் பரிசும் ஃபுல்கர்சன் பரிசும் மூவருக்கும் வழங்கப்பட்டன.

இந்தச் செய்தி வெளியான நாட்களில், இணைய இரகசியங்களுக்கு ஆபத்து வந்துவிட்டதோ என்ற அச்சமும் எழுந்தது. அது தவறான புரிதல். கான்பூர் முறை ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று மட்டுமே கூறும், காரணிகளைக் காட்டித்தராது. நடைமுறையில் அது மில்லர்-ரேபின் சோதனையைவிட மிக மெதுவானது என்பதால், மென்பொருள்கள் இன்றும் பழைய முறையையே பயன்படுத்துகின்றன. கொள்கையளவில் ஒரு பெரும் ஐயம் தீர்ந்தது என்பதே அதன் மதிப்பு.

நிரூபிக்கப்படாத பாதி

காரணிகளைக் கண்டுபிடிப்பது கடினம் என்ற இரண்டாவது நம்பிக்கைக்கு இத்தகைய நிரூபணம் எதுவும் இல்லை. பலர் நெடுங்காலம் முயன்றும் எளிய வழி தென்படவில்லை என்பதே அதற்கான ஆதாரம்.

அந்த ஆதாரம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில் வரலாறு சில எச்சரிக்கைகளைத் தருகிறது. ஆர்.எஸ்.ஏ முறையை உருவாக்கியவர்கள் 1977-இல் 129 இலக்க எண் ஒன்றைச் சவாலாக வெளியிட்டனர். அதை உடைக்கக் கோடானுகோடி ஆண்டுகள் ஆகும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த சுமார் 600 தன்னார்வலர்கள் இணையம் வழியே ஒன்றுசேர்ந்து 1994-இல் அதை உடைத்தனர். கணினிகள் வேகமானது ஒரு காரணம், இடைப்பட்ட ஆண்டுகளில் மேம்பட்ட கணித வழிகள் பிறந்தது மற்றொரு காரணம். 2020 பெப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்று உடைக்கப்பட்டது. 617 இலக்கங்கள் கொண்ட இன்றைய ஆர்.எஸ்.ஏ எண்கள் அதிலிருந்து இன்னும் வெகு தொலைவில் உள்ளன.

எண் பகாததாக இருந்தால் மட்டும் போதாது, அதை எவரும் ஊகிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு எஸ்தோனியா சாட்சி. அந்நாட்டின் மின்னணு அடையாள அட்டைகளிலிருந்த சில்லுகள், வேகத்துக்காக ஒரு குறிப்பிட்ட அமைப்புக்கு உட்பட்ட பகா எண்களையே உருவாக்கிவந்தன. அவை பகா எண்கள்தான் என்பதில் பிழையில்லை. ஆனால் அந்த அமைப்பைப் பயன்படுத்திக் காரணிகளைத் தேடும் பரப்பைச் சுருக்கிவிடலாம் என்பதைச் செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் கண்டறிந்தனர். 2017 நவம்பரில் 7 லட்சத்துக்கும் அதிகமான அட்டைகளின் சான்றிதழ்களை எஸ்தோனியா இடைநிறுத்த நேர்ந்தது.

இதைவிடப் பெரிய கேள்வி குவாண்டம் கணினி தொடர்பானது. போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி உருவானால் காரணிகளை விரைவாகக் கண்டுவிடலாம் என்று பீட்டர் ஷோர் 1994-இலேயே காட்டினார். இன்று பரவலாக உள்ள பொதுச் சாவி முறைகள் பெரும்பாலும் அதன்முன் நிற்கமாட்டா. இதை எதிர்பார்த்து, வேறு வகைக் கணிதப் புதிர்களைச் சார்ந்த முதல் மூன்று புதிய தரநிலைகளை அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது.

புலம்பெயர்ந்தோரைப் பொறுத்தவரை இது தொலைதூரக் கவலை அல்ல. பணப் பரிமாற்றம் ஒன்று சில நாட்கள் இரகசியமாக இருந்தால் போதும். ஆனால் தஞ்சம் கோரும் ஒருவரின் வாக்குமூலம், போர்க்காலச் சம்பவம் ஒன்றின் சாட்சி அனுப்பிய கடிதம், ஊரில் இருக்கும் உறவினர்களின் பெயர்கள் ஆகியவை பத்தாண்டுகள் கடந்தும் வெளிவரக் கூடாதவை. மறையாக்கம் செய்யப்பட்ட செய்திகளை இன்றே பதிவுசெய்து வைத்துக்கொண்டு, உடைக்கும் கருவி வரும் நாளுக்காக ஒருவர் காத்திருக்க முடியும்.

நான்கு கோடி இலக்கங்கள்

இரண்டை 13,62,79,841 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண், 2024 அக்டோபரில் பகா எண் என்று உறுதிசெய்யப்பட்டது. 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட அது, அறிவிக்கப்பட்டபோது அறியப்பட்ட பகா எண்களில் மிகப் பெரியது. அமெரிக்கரான லூக் டியூராண்ட் பல நாடுகளில் இயங்கும் கணினிகளை இணைத்து இதைக் கண்டார்.

பகா எண்ணாக இருக்கக்கூடும் என்ற முதல் தகவல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்த ஒரு கருவியிலிருந்து வந்தது. டெக்சாஸிலிருந்த வேறொரு கருவி, லூக்காவின் வழிவந்த சோதனையைக் கொண்டு அதை மறுநாள் உறுதிசெய்தது. முதலில் வாய்ப்பு, பின்னர் நிரூபணம் என்ற வரிசை இங்கும் மாறவில்லை.

உலகமே அறிந்த எண் என்பதால் இரகசியம் காக்க இது உதவாது. அந்தப் பணியை, ஒருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டு, உருவாக்கிய கணினிக்கு வெளியே எவருக்கும் தெரியாமல் இருக்கும் 309 இலக்க எண்களே செய்கின்றன. ஸ்கீவ நகரிலிருந்து புறப்படும் பணம் வழியில் களவு போகாமல் யாழ்ப்பாணம் சேர்வதில் அவற்றுக்கும் பங்குண்டு. அவை பகா எண்கள் என்பதை உறுதிசெய்ய வழி உண்டு என்று கான்பூர் நிரூபித்துவிட்டது. அவற்றின் பெருக்குத்தொகையிலிருந்து அவற்றை மீட்க எளிய வழி இல்லை என்று நிரூபிக்கவோ, உண்டு என்று காட்டவோ இதுவரை எவரும் முன்வரவில்லை.